வீட்டுச் சாதனம் எத்தனை வாட் என்று அறிய ஓம் பார்ப்பதா, ஆம்பியர் பார்ப்பதா, மீட்டர் மினுக்கலை எண்ணுவதா?

மல்டிமீட்டர் வாங்கிய புதிதில் நான் முதலில் அளந்தது, வீட்டில் மிச்சமிருந்த ஒரு 60 வாட் குண்டு பல்பை. ஓம் காட்டும் பக்கம் திருப்பி இரண்டு ப்ரோபையும் (மீட்டரின் முனைக் கம்பிகள்) வைத்தால் மின்தடை 65 ஓம் வந்தது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, மின்தடையால் வகுத்தால் வாட் என்பது பள்ளிப் பாடம். 230 × 230 ÷ 65 போட்டுப் பார்த்தேன். 814 வாட்! மீட்டர் போலி என்றே நினைத்துவிட்டேன்.

மீட்டர் சரியாகத்தான் சொன்னது. நான்தான் அணைந்த பல்பை அளந்துவிட்டு எரியும் பல்பின் கணக்கைப் போட்டிருந்தேன். டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சூடேறும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். எரியும்போது அந்த பல்பு இழுப்பது 0.26 ஆம்பியர். 230 ÷ 0.26 என்றால் சுமார் 885 ஓம். 230 × 0.26 என்றால் ஏறக்குறைய 60 வாட். இதே கணக்கை வைத்து இன்னொன்றையும் புரிந்துகொள்ளலாம். சுவிட்ச் போட்ட கணத்தில் இழை இன்னும் 65 ஓம்தான், அதனால் மூன்றரை ஆம்பியர் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ‘டப்’ என்று போனது இதனால்தான்.

அதற்காக ஓம் பார்க்கும் வழியை ஒதுக்கிவிடவும் முடியாது. அயர்ன் பாக்ஸில் இருப்பது நிக்ரோம் கம்பி. சூட்டுக்கு அதன் மின்தடை கொஞ்சம்தான் மாறும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றைப் பிளக்கைக் கழற்றி வைத்து அளந்தேன், 51 ஓம். ஓடவிட்டுப் பார்த்தால் 232 வோல்ட், 4.4 ஆம்பியர். வகுத்தால் 52.7 ஓம். வாட் கணக்கில் முதல் வழி (232 × 232 ÷ 51) 1055, இரண்டாவது வழி (232 × 4.4) 1021. வீட்டுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. கரண்டைத் தொடாமலேயே வேலை முடிகிறது என்பதால் ஹீட்டர், கீசர், அயர்ன் பாக்ஸ் வகைக்கு என் ஓட்டு ஓமுக்குத்தான். காயில் அறுந்திருந்தால் உடனே தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் இந்த வழியில் வோல்ட்டை இருமடியாக்குகிறோம். மாலையில் லோ வோல்டேஜ் வந்து 190-க்கு இறங்கினால், அதே அயர்ன் பாக்ஸ் 680 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 230 என்று மனதில் வைத்துப் போட்ட கணக்கு அப்போது செல்லாது. வோல்ட்டையும் அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது கிளாம்ப் மீட்டர். கம்பியை வெட்டாமல், வாயைத் திறந்து மாட்டினால் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை வைத்து ஆம்பியர் காட்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முழு வயரையும் உள்ளே விட்டால் பூஜ்யம்தான் வரும். ஃபேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருவதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒற்றைக் கம்பி மட்டும் வாய்க்குள் இருக்க வேண்டும். பல்பு மாதிரி சின்ன லோடு என்றால் அந்த ஒற்றைக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றிவிடுங்கள், 0.26 ஆம்பியர் 2.6 என்று தெளிவாகக் காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக அளக்கலாமே என்று கேட்பீர்கள். நான் ஒருமுறை ப்ரோபை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் பார்க்கப் போனேன். பிளக் பாயின்ட் ஷார்ட் ஆகிக் கருகியது, எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தது, மீட்டருக்குள் ஃப்யூஸும் போனது. அதிலிருந்து வீட்டுக் கரண்டுக்குக் கிளாம்ப் மட்டும்தான்.

வயரில் எவ்வளவு வீணாகிறது என்று பார்ப்பதற்கும் ஆம்பியர்தான் கைகொடுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஒரு 2000 வாட் கீசர், 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 40 மீட்டர், சுமார் 0.48 ஓம். 8.7 ஆம்பியரை இருமடியாக்கி 0.48-ஆல் பெருக்கினால் வயரில் சூடாகப் போவது 36 வாட். இங்கே 230-ஐ இருமடியாக்கி 0.48-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் வாட்டுக்கு மேல் வரும். சூத்திரத்தில் பிழையில்லை, 230 வோல்ட் வயரின் மேல் விழவில்லை, அதில் விழுவது நாலு வோல்ட்தான்.

ஃபேனில் ஓம் பார்ப்பது வீண். காயிலின் மின்தடை வேறு, ஓடும் மோட்டார் கரண்டைத் தடுக்கும் விதம் வேறு. எல்.இ.டி. பல்பில் கிளாம்ப்பும் காலை வாரிவிடும். பவர் ஃபேக்டர் (வோல்ட் × ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு) 0.5 உள்ள மலிவான 9 வாட் பல்பு 0.08 ஆம்பியர் காட்டும். 230-ஆல் பெருக்கினால் 18. வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்து ஏறி இறங்காதபோது பெருக்கல் தொகை உண்மையான வாட் ஆகாது.

இந்த இடத்தில் மின்வாரிய மீட்டர்தான் ராஜா. அதில் மினுக்கும் சிவப்பு விளக்கருகே ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-நொடி. 3200 என்றிருந்தால், 36 லட்சத்தை 3200-ஆல் வகுத்து வரும் 1125-ஐ இரண்டு மினுக்கலுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுங்கள், வாட் வந்துவிடும். பழைய 75 வாட் ஃபேனுக்கு 15 நொடிக்கு ஒன்று. ஃபிரிட்ஜ், செட்-டாப் பாக்ஸ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் சிரமம். அப்புறம், ஒற்றை எல்.இ.டி. பல்பு என்றால் மினுக்கலுக்கு மினுக்கல் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்துக்கிடக்க வேண்டும். நான் ஒரே மாதிரி பத்து பல்பையும் சேர்த்துப் போட்டேன். பன்னிரண்டரை நொடிக்கு ஒன்று மினுக்கியது. 90 வாட், ஆளுக்கு 9.