பெரிய எண்ணின் காரணிகள்: வகுத்துப் பார்ப்பதா, வர்க்க வேறுபாடா?

பெரிய ஒற்றைப்படை எண்ணைக் காரணிப்படுத்த எவ்வழியில் இறங்குவது என்று தயங்குபவர்கள் முதலில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

2027651281: பகா எண்களால் வரிசையாக வகுத்தால், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்களுக்குப் பிறகே 44021-இல் மீதியின்றி வகுபடும். கணிதவியலாளர் ஃபெர்மாவின் வர்க்க வேறுபாட்டு வழியிலோ (a-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டி, a-இன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் b-இன் முழு வர்க்கம் கிடைக்கும்வரை பார்த்து, எண்ணை (a − b) × (a + b) எனப் பிரிப்பது), வர்க்கமூலத்தை அடுத்த 45030-இல் தொடங்கிப் பன்னிரண்டாம் படியிலேயே, 45041-இன் வர்க்கத்திலிருந்து இவ்வெண்ணைக் கழிக்க 1040400, அதாவது 1020-இன் வர்க்கம், கிடைத்து, 44021 × 46061 எனப் பிரிந்துவிடுகிறது; கையால் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு அந்தப் படி உண்மையிலேயே பேரழகு.

4294967297: கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் பிரித்த இவ்வெண், 116-ஆம் பகா எண்ணான 641-ஆலேயே வகுபடுகிறது, ஃபெர்மாவின் வழியில் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும்.

காரணிகள் வர்க்கமூலத்தை ஒட்டியிருந்தால் ஃபெர்மாவின் வழியும், ஒன்று மிகச் சிறியதானால் வகுத்தலும் ஏற்றவை. எதுவும் தெரியாதபோது ஆயிரம் வரையிலான பகா எண்களால் வகுத்துவிட்டுப் பிறகு ஃபெர்மாவின் வழிக்கு மாறுவதே நான் பரிந்துரைப்பது.