ஆள் இருக்கும்போதே நிரல் மாற்றுதல்: ஏஎஸ்/400 உடன் 11 ஆண்டுகள்

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், தம் உறவினரின் மொத்த விற்பனைக் கடைக்கு ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்னும் வணிகக் கணினியின் வழிவந்த பழைய இயந்திரம் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். நாகர்கோவிலில் சோப்பு, தலை எண்ணெய், பற்பசை போன்ற சரக்குகளைக் கடைகளுக்கு வினியோகிக்கும் நிறுவனம் ஒன்றில் அத்தகைய இயந்திரத்தோடுதான் 11 ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன். நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்பதையெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது ஒன்றைப் பற்றி மட்டும்: ஆட்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த பில் போடும் நிரலை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது பகிர்வுக் கோப்புறையில் கிடந்த ஒரு விண்டோஸ் நிரல். ஒரே ஒருவர் அதைத் திறந்து வைத்திருந்தாலும், கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி மாற்றவிடாது. தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று ஒவ்வொரு கிளைக்கும் போன் போட்டு வெளியே வரச் சொல்லிக் கெஞ்சுவேன். கடைசி ஆள் வெளியே வருவதற்குள் முதல் ஆள் மறுபடியும் உள்ளே போயிருப்பார்.

இங்கே அந்தக் கெஞ்சல் இல்லை. பழையதற்குப் பதிலாக வை என்று சொல்லி நிரலைத் தொகுத்தால் (எழுதியதை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றினால்), இயங்குதளம் பழைய நிரலை அழிப்பதில்லை. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சூட்டி, க்யூஆர்பிஎல்ஓபிஜே என்னும் நூலகத்துக்கு (இந்த இயந்திரத்தில் கோப்புறை மாதிரி) நகர்த்திவிட்டுப் புதியதை அந்த இடத்தில் உட்கார வைக்கிறது. பாதி பில்லில் இருப்பவர் பழைய நிரலிலேயே பில்லை முடிப்பார். அடுத்து உள்ளே வருபவருக்குப் புதியது கிடைக்கும். ஒருமுறை நான் வைத்த புதிய நிரல் தள்ளுபடியை இரண்டு முறை கழித்தபோது, அந்த நூலகத்திலிருந்தே பழையதைத் தேடியெடுத்துப் பழைய பெயரில் திரும்ப வைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். இயந்திரத்தை அணைத்துத் தொடங்கும்போது அந்த நூலகம் காலியாகிவிடும் என்பதால், அன்று மின்வெட்டு வராதது என் அதிர்ஷ்டம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. எங்கள் சரக்கில் பெரும்பகுதி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. ஞாயிறு இரவே நிரல்களை மாற்றி வைத்திருந்தேன். திங்கள் காலையில்தான் என் பிழை வெளிப்பட்டது: 18 சதவீதத்தில் விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் 18 சதவீதத்தில்தான் போக வேண்டும், என் நிரலோ அன்றைய தேதியைப் பார்த்து 5 போட்டுக்கொண்டிருந்தது. 11 மணிக்குத் திருத்தித் தொகுத்து வைத்தேன். எல்லாரையும் ஒருமுறை வெளியேறி உள்ளே வரச் சொன்னேன். மாலை 4 மணிக்குப் பார்த்தால், மார்த்தாண்டம் கவுண்டரிலிருந்து 9 கிரெடிட் நோட்டுகள் 5 சதவீதத்திலேயே வந்திருந்தன. போன் செய்தேன். "நான் வெளிய வந்துட்டுதான் போனேன் சாரே" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் வந்தது மெனுவரைக்கும்தான்; சைன் ஆஃப் செய்யவில்லை.

எங்கள் மெனு ஆர்பிஜி என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்டது. ஒரு நிரலை முதல்முறை அழைக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த முகவரியைக் கையில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பெயரைத் தேடாமல் நேரே அந்த முகவரிக்கே போகும். நிரல் வேறு நூலகத்துக்குக் குடிபெயர்ந்தாலும் முகவரி செல்லும். பாதி பில்லில் இருப்பவரைக் காப்பாற்றுகிற அதே ஏற்பாடுதான் சைன் ஆஃப் செய்யாதவரை நாள் முழுவதும் பழைய நிரலிலேயே உட்கார வைக்கிறது. ஆகவே இயந்திரத்தைத் திட்ட எனக்கு வழியில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை. யார் இன்னும் பழையதில் இருக்கிறார் என்று பார்ப்பதும் எளிதல்ல. நிரல் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொருவரின் அழைப்பு அடுக்கையும் (அவருக்காக அப்போது ஓடும் நிரல்களின் பட்டியல்) தனித்தனியே திறந்து நூலகத்தின் பெயரைப் படித்துக் கண்டுபிடிக்கலாம். ஆள் மெனுவில் சும்மா நின்றால் அந்தத் தடயமும் கிடையாது.

அதன் பிறகு மெனுவில் ஒரு வரி சேர்த்தேன்: நிரலை மாற்றும்போது நான் கூட்டிவைக்கும் மாற்ற எண் கூடியிருந்தால், மெனுவுக்குத் திரும்பியவரை அதுவே சைன் ஆஃப் செய்துவிடும். மார்த்தாண்டம் சரியாகிவிட்டது. குளச்சலில் ஒருவர் காலையில் பில் திரையைத் திறந்தால் இரவு வரை மெனுவுக்கே வருவதில்லை. அவருக்கு இன்றும் போன்தான்.

இந்தச் சலுகை நிரலுக்கு மட்டும்தான் என்பதையும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். தரவுக் கோப்பில் ஒரு புலம் சேர்க்க வேண்டுமானால் அந்தக் கோப்பை யாரும் திறந்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு ஆவதற்கு அதுவே காரணம். கோப்பை மாற்றிவிட்டு, அதைப் படிக்கும் நிரல் ஒன்றைத் தொகுக்க மறந்தால், காலையில் முதல் பில்லிலேயே லெவல் செக் பிழை, அதாவது கோப்பின் அமைப்பும் நிரல் அறிந்த அமைப்பும் ஒத்துப்போகவில்லை என்னும் பிழை, வந்து நிற்கும்.

வாங்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். ஆர்பிஜி தெரிந்த பிள்ளை ஒருவரை நம் பக்கத்தில் தேடிப் பிடித்துப் பழக்குவதற்குள் அந்த உறவினருக்குப் பொறுமை போய்விடும். எனக்கே மூன்று ஆண்டுகளாக உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. இதை எழுதும் இடைவேளையில் பில் அச்சடிக்கும் நிரலில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி வைத்தேன். 14 பேர் உள்ளே இருந்தார்கள். ஒருவர்கூடத் திரையிலிருந்து நிமிரவில்லை.