இன்ஸ்பயர் ஃபேகல்டியா, இந்தியா அலையன்ஸா?

உயிர்மருத்துவத்தில் பிஎச்டி முடித்துவிட்டு நெல்லைப் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டி பஸ்ஸுக்கு நிற்கும் தம்பி தங்கச்சிகள் அடிக்கடி கேட்பது இது. இரண்டும் சொந்தமாக ஆய்வு செய்ய சம்பளமும் பணமும் தரும் ஃபெல்லோஷிப்கள்: இன்ஸ்பயர் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையுடையது, அலையன்ஸ் மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட்டும் சேர்ந்து தருவது. இரண்டுமே ஐந்து வருஷம். நிரந்தர வேலை தேவையில்லை, இடம் தர ஒரு நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வயசு: இன்ஸ்பயரில் பொதுப்பிரிவுக்கு 32 தாண்டினால் கதவு சாத்தியாச்சு. அலையன்ஸில் வயசு வரம்பு கிடையாது, பிஎச்டிக்குப் பிந்தைய அனுபவத்தைத்தான் எண்ணுவார்கள்.

பணம்: இன்ஸ்பயரில் மாதம் 1,25,000 ரூபாய், ஆய்வுக்கு வருஷம் 7 லட்சம். கணினியில் மரபணுத் தரவு அலசுகிறவருக்கு இது தாராளம், ஆனால் செல் வளர்க்கிறவருக்கு சீரம், ஆன்டிபாடி என்று வாங்கத் தொடங்கினால் ஆடிக்குள் கரைந்துவிடும். ஒரு சித்திரை வெயிலில் எனக்கு வந்த ஆன்டிபாடி பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக் வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது; மறுபடி ஆர்டர், மறுபடி காசு. அலையன்ஸில் சம்பளத்தோடு ஆய்வுச் செலவுக்கும் தாராளமாகத் தருவார்கள், வெளிநாட்டு லேபில் கொஞ்சகாலம் வேலை பார்க்கவும் வழி உண்டு.

விண்ணப்பம்: இன்ஸ்பயர் எல்லா அறிவியல் துறைக்கும் பொது. அலையன்ஸ் உயிர்மருத்துவத்துக்கே ஆனது, நேர்காணலில் உங்கள் ஆய்வுக் கேள்வியைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள்.

சரி, எது யாருக்கு? வயசு 30, தரவு வேலை, சொந்த லேப் சீக்கிரம் வேண்டும் என்றால் இன்ஸ்பயர். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நோயாளிகளின் ரத்த மாதிரியை வைத்து நீண்ட ஆய்வு என்றால், அதுவும் எம்.டி. முடித்த டாக்டர் என்றால், யோசிக்காமல் அலையன்ஸ்.