ஆலியோ ஓலியோவுக்கு எந்த ஸ்பகெட்டி: வழவழப்பா, சொரசொரப்பா?

பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், ஸ்பகெட்டி. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்து ஆலியோ ஏ ஓலியோவில் சேர்வது இவ்வளவுதான், கடைசியில் கொஞ்சம் பார்ஸ்லி தூவுவார்கள். நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய் வாங்குங்கள், பூண்டைக் கருக விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ஸ்பகெட்டியை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை, கைக்குக் கிடைத்த பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிடுகிறோம். நான் இந்த ஒரு சமையலுக்காகவே வெண்கல அச்சில் பிழிந்த சொரசொரப்பான ஸ்பகெட்டிக்கு மாறியவன். அதனால் கீழே உள்ளதில் ஒருபக்கச் சாய்வு இருக்கும்.

கடையில் இரண்டையும் அடையாளம் காண்பது எளிது. டெஃப்லான் பதித்த அச்சில் வந்தது நல்ல மஞ்சளாக, வழவழவென்று மின்னும். வெண்கல அச்சில் வந்தது வெளுத்து, மாவு படிந்தாற்போல் மங்கலாக இருக்கும். விரலிடுக்கில் வைத்து உருட்டினால் சொரசொரப்பு தெரியும். பாக்கெட்டில் 'அல் ப்ரோன்சோ', அதாவது வெண்கல அச்சில் பிழிந்தது, என்று போட்டிருப்பார்கள். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரான்யானோ ஊர்ப் பாஸ்தாவுக்கு 2013இல் ஐரோப்பிய யூனியனின் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் வெண்கல அச்சு கட்டாயம். அவ்வளவு தூரம் தேட வேண்டாம் என்றால் டி செக்கோ பிராண்டு இருக்கிறது. பரில்லாகூட வழக்கமான ரகத்துக்குப் பக்கத்திலேயே 'அல் ப்ரோன்சோ' என்று தனியாக ஒன்று விற்கிறது.

வழவழப்பு ரகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். பெரும்பாலும் அதிகச் சூட்டில் வேகமாக உலர்த்துவதால் மாவின் புரதம் இறுகிப்போய்விடும். ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் குழையாது. தக்காளி சாஸோ இறைச்சி சாஸோ செய்கிறீர்கள் என்றால் அதுவே போதும். சாஸே கெட்டி, ஸ்பகெட்டியில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆலியோ ஓலியோவில் அந்தக் கெட்டி எங்கிருந்து வரும்? தக்காளி இல்லை, கிரீம் இல்லை, முறைப்படி செய்தால் சீஸும் இல்லை. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்க அங்கே இருப்பது ஸ்பகெட்டி வெந்த தண்ணீரில் கரைந்த ஸ்டார்ச் ஒன்றுதான். அது போதாவிட்டால் எண்ணெய் தட்டின் அடியில் தேங்கிவிடும், ஸ்பகெட்டி மேலே வறண்டு கிடக்கும். போதுமான அளவு இருந்தால் எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து, வெளிறிய மஞ்சளில் ஒரு மெல்லிய சாஸாக ஒவ்வோர் இழையிலும் படியும். சொரசொரப்பான மேற்பரப்பு வேகும்போதே ஸ்டார்ச்சைத் தாராளமாக விடுகிறது. பானையில் தண்ணீர் வடிகஞ்சி போலக் கலங்கிவிடும். வந்த சாஸ் வழுக்கி இறங்காமல் இழையில் நிற்பதற்கும் அந்தச் சொரசொரப்புதான் உதவுகிறது. நான் இரட்டிப்பு விலை கொடுக்கச் சம்மதிப்பது இதற்காக மட்டுமே.

இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, நான்கு பல் பூண்டு, 50 மில்லி எண்ணெய். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது இத்தாலியில் வழக்கமான கணக்கு. நான் மொத்தத்துக்கே ஒன்றரை லிட்டர்தான் வைப்பேன், ஸ்டார்ச் நீர்த்துப்போகக் கூடாது என்று. உப்பையும் அதற்கேற்ப நிதானமாகப் போட வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீர்தான் சாஸாகப் போகிறது. பூண்டை மெல்லிய வில்லைகளாக அரிந்து, எண்ணெய் சூடேறும் முன்பே போட்டுச் சிறுதீயில் வையுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீரை விட்டால் அதோடு பூண்டு நிறம் மாறுவது நின்றுவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஸ்பகெட்டியை எடுத்து வாணலியில் போட்டு, தீயைக் கூட்டி, குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'சளசள' என்று எண்ணெய் தெறிக்கும் சத்தம் அடங்கி, வாணலியைச் சாய்த்தால் சாஸ் சோம்பலாக நகரும். அப்போது இறக்கலாம்.

வெண்கல ரகத்தில் கவனிக்க வேண்டியதும் இந்தக் கடைசி இரண்டு நிமிடம்தான். தண்ணீரை வேகமாகக் குடிக்கும், கொஞ்சம் அசந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே இன்னொரு கரண்டித் தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

கிரான்யானோவின் விலை உயர்ந்த சிறு உற்பத்தியாளர்களுடையதை நான் அதிகம் சாப்பிட்டதில்லை. சாப்பிட்ட அளவில், சாதாரண வெண்கல அச்சு ரகத்தைவிடக் கோதுமை வாசனை தூக்கலாகத் தெரிந்தது. சாஸ் சேர்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கூடுதல் காசை எண்ணெயில் போடுவேன்.

வீட்டில் இருப்பது வழவழப்பு ரகம்தான் என்றால், தண்ணீரை ஒரு லிட்டராகக் குறைத்து அகலமான பாத்திரத்தில் வேகவையுங்கள், மூன்று நிமிடம் முன்பே வாணலிக்கு மாற்றுங்கள். முக்கால்வாசி வந்துவிடும். அப்படியும் எண்ணெய் பிரிந்து நின்றால் ஒரு பிடி பார்மெசான் துருவிப் போடலாம். நேப்பிள்ஸ்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர் திரும்பி நிற்கும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.