வாஷர் நாசிலைக் குண்டூசியால் குத்துவதற்கு முன்: நான்கு வருட அனுபவம்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போக வர ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காலையில் காரை எடுக்கும்போதே முன்கண்ணாடியில் உப்புப் பூத்திருக்கும். சாயங்காலம் திரும்பும்போது பூச்சி அப்பியிருக்கும். ஹாரனுக்கு அடுத்து நான் அதிகம் பயன்படுத்துவது, கண்ணாடியில் தண்ணீர் அடிக்கும் வாஷர்தான்.

பழைய காரில் நாசில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனை, சாதாரணத் துளைதான். இரண்டு கோடாகத் தண்ணீர் அடிக்கும், வைப்பர்தான் இழுத்துப் பரப்ப வேண்டும். 2022-ல் வாங்கிய இந்தக் காரில் விசிறி மாதிரி விரிகிறது. உள்ளே அசைகிற பாகம் எதுவும் கிடையாது. உள்ளே ஓடும் தண்ணீரே தாரையை இடமும் வலமும் ஆட்டும் இந்த அமைப்பை ஃப்ளூயிடிக் ஆஸிலேட்டர் என்பார்கள். 1960 வாக்கில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த தொழில்நுட்பம். 2015-ல் போயிங் 757 விமானத்தின் செங்குத்து வாலில் இதே வகையில் 31 பொருத்தி, தண்ணீருக்குப் பதில் காற்றை வீசிச் சோதித்தார்கள்.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. தண்ணீரைத் தூறலாக உடைக்காமல் தாரையாகவே இடமும் வலமும் வீசுவதால், 80 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று அடித்துக்கொண்டு போவதில்லை.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன்பின் பல நாள் சாலையெல்லாம் சேறு. அவசரத்துக்கு வீட்டு போர் தண்ணீரையே டேங்கில் ஊற்றினேன். ஒரு மாதத்தில் வலது நாசில் விரிவதை நிறுத்தி, ஒரே பக்கமாகக் கோடாக அடித்தது. அடைப்பு என்று நினைத்துக் குண்டூசியால் குத்தினேன். நிலைமை இன்னும் மோசமானது. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, வெளிய ஓட்டை நல்லாத்தான் இருக்கு, கோளாறு உள்ள" என்றார்.

கழற்றினால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சில்லு. நடுவில் ஓர் அறை, இருபுறமும் இரண்டு திட்டு, திட்டுகளைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பும் இரண்டு சின்ன வாய்க்கால். உள்ளே வரும் தாரை பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஓடுவதால், சுவர்ப்பக்கம் அழுத்தம் குறைந்து அந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கோவாண்டா விளைவு என்பது இதுதான். அப்புறம் வெளியேறும் வாசலில் மோதும் தண்ணீரில் கொஞ்சம் அந்தப் பக்கத்து வாய்க்கால் வழியே திரும்பி வந்து தாரையின் அடியைத் தள்ள, தாரை எதிர்ச்சுவருக்குத் தாவும். அங்கேயும் இதுவே நடக்கும். என் சில்லில் ஒரு வாய்க்கால் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கறை. தள்ளிவிட ஆளில்லாமல் தாரை அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டது. வாசல் விளிம்பில் குண்டூசிக் கீறல் வேறு.

கடையில் மலிவாக ஒரு மாற்று நாசில் வாங்கினேன். வெளித்தோற்றம் அச்சு அசல். விசிறி மட்டும் பாதிதான். இரண்டு சில்லையும் பூதக்கண்ணாடியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாற்றில் வாய்க்கால் ஒடுக்கம், வாசல் அகலம். தண்ணீர் திரும்பி வராமல் நேராக வெளியே போய்விடுகிறது.

சும்மா இருக்க முடியவில்லை. புதுச்சேரியில் லேசர் கட்டிங் செய்யும் நண்பனிடம் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் அதே வடிவத்தை வெட்டி, மேலும் கீழும் தகடு ஒட்டி, 12 வோல்ட் வாஷர் பம்பில் ஓடவிட்டேன். நுழைவாய் 2 மில்லிமீட்டர். நொடிக்கு 240 பிரேம் போனில் எடுத்தால், தாரை ஒரு சுற்றுப் போய்வர 11 பிரேம், அதாவது நொடிக்கு 22 முறை. கனம் அதே 3 மில்லிமீட்டர், மற்றதெல்லாம் இரட்டிப்பாக வெட்டியபோது நொடிக்கு ஐந்தாறு முறைதான், கண்ணாலேயே எண்ண முடிந்தது. பம்ப் அதேதான் என்பதால் நுழைவாய் அகன்றதும் தாரையின் வேகம் பாதியானது. தாண்ட வேண்டிய தூரமோ இரண்டு மடங்கு. ஆக, கால்பங்கு. பம்ப் பவரைக் குறைத்தாலும் ஆட்டம் அதே விகிதத்தில் மெதுவாகும்.

ஒரு வாய்க்காலைக் களிமண்ணால் அடைத்தேன். என் காரில் பார்த்த அதே கோடு. வாசலை மட்டும் கொஞ்சம் ஒடுக்கி வெட்டியதில் விசிறி நன்றாக விரிந்தது. எனக்கு மிகப் பிடித்த சோதனை அதுதான். ஆனால் அளவுக்கு மீறி விரிந்தால் கண்ணாடியின் ஓர் இடத்துக்குக் கிடைக்கும் தண்ணீர் குறையும், பூச்சிக் கறை போகாது. காரோடு வந்த நாசிலில் இந்த அளவு சரியாக இருக்கிறது. அதனால் கம்பெனி பாகத்தையே மறுபடி வாங்கிப் பொருத்திக்கொண்டேன்.

டேங்கில் இப்போது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். விசிறி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் ஊசியைத் தேடுவதில்லை. அன்றிரவே கழற்றி வினிகரில் ஊறவைத்து, காலையில் வாசல் பக்கத்திலிருந்து ஊதிவிட்டுப் பொருத்துகிறேன்.