கலையைத் துப்பறியும் இரண்டு நாவல்கள்: எதை முதலில் கொடுப்பது?

அக்கா மகளுக்குப் பத்து வயது. படம் வரையப் பிடிக்கும், மர்மக் கதை என்றால் சாப்பாடு மறந்துவிடும். அவள் பிறந்தநாளுக்கு இரண்டு ஆங்கில நாவல்களுக்கு இடையே ஒரு வாரம் அல்லாடினேன். ஒன்று, ஈ.எல். கோனிக்ஸ்பர்க் 1967இல் எழுதிய ‘ஃப்ரம் தி மிக்ஸ்டு-அப் ஃபைல்ஸ் ஆஃப் மிசஸ் பேசில் ஈ. ஃப்ராங்க்வைலர்’. மற்றது, ப்ளூ பாலியட்டின் ‘சேஸிங் வெர்மீர்’, 2004இல் வந்தது. இரண்டாவதைத்தான் வாங்கினேன்.

முதல் நாவல் 1968இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் பெற்றது. அக்காவும் தம்பியும் வீட்டைவிட்டு ஓடி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒளிந்து வாழ்கிறார்கள். அங்கே ஒரு தேவதைச் சிலை. மைக்கேலாஞ்சலோ செதுக்கியதா என்பதே கேள்வி. உரையாடலும் நகைச்சுவையும் இதில்தான் மேல். கோனிக்ஸ்பர்க்கே வரைந்த படங்களும் அழகு.

ஆனால் அந்தச் சிலை கற்பனை. கதையை மூடியதும் அதைத் தேடிப் பார்க்க வழியில்லை. என் முடிவை மாற்றியது இதுதான்.

‘சேஸிங் வெர்மீரி’ல் களவு போகும் ஓவியம் நிஜமானது. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த ‘எழுதும் பெண்’, வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கதையில் சிகாகோவுக்கு வரும் வழியில் அது காணாமல் போகிறது. வெர்மீர் பெயரில் இருக்கும் சில ஓவியங்கள் அவருடையவையே அல்ல, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று திருடன் ஊருக்கே சவால் விடுகிறான். பெட்ரா, கால்டர் என்ற இரு சிகாகோ மாணவர்கள் துப்புத் துலக்கக் கிளம்புகிறார்கள்.

அந்தச் சவால் படிக்கிற பிள்ளையையும் சும்மா விடாது. வெர்மீருடையவை என்று இன்று கருதப்படுபவை ஏறக்குறைய 35 ஓவியங்கள்தான். ஒரு மாலையில் எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்துவிடலாம். நாங்கள் பார்த்தோம். எழுதும் பெண் போட்டிருக்கும் மஞ்சள் மேலங்கி, ரோமக்கரை வைத்தது, இன்னும் சில ஓவியங்களிலும் வருவதை அவளே கண்டுபிடித்தாள். “அதே சட்டை, சித்தி!” என்று கத்தினாள். யாரும் சொல்லித்தராமல் ஒரு பத்து வயதுப் பிள்ளை ஓவியத்தை அப்படி உற்றுப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

இந்த நாவலுக்கு பிரெட் ஹெல்க்விஸ்ட் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களும் வெறும் அலங்காரம் இல்லை. அவற்றுக்குள் ஒரு ரகசியச் செய்தி ஒளிந்திருக்கிறது. அதை உடைக்க பென்டோமினோ வேண்டும்: ஐந்து சதுரங்களை ஒட்டிவைத்தால் வரும் 12 வடிவங்கள். அட்டையில் வெட்டிக்கொண்டோம். கதை முடிந்த பிறகும் புத்தகம் அலமாரிக்குப் போகவில்லை, படங்களுக்காகவே திரும்பத் திரும்பப் புரட்டினாள். இதனால் அச்சுப் பிரதியையே வாங்குங்கள் என்பேன். சின்னத் திரையில் நான் படித்துப் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. தற்செயல்கள் மிக அதிகம். முடிச்சு அவிழும் இடத்தில் தர்க்கம் தேடினால் ஏமாற்றம்தான். எதிலும் காரணம் கேட்கும் பிள்ளைக்கு மிக்ஸ்டு-அப் ஃபைல்ஸ் ஒருவேளை அதிகம் பிடிக்கலாம். ஒரே ஒரு பிள்ளையை வைத்து நான் சொல்வது இது, அவளும் வரைகிற பிள்ளை. பழைய நாவலை அடுத்த ஆண்டுக்கென்று வாங்கி வைத்துவிட்டேன்.