கீழக்கரை ரோட்டு வாடகை மைதானம்: கால்பந்துக்குப் போகலாம்

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் வழியில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மைதானம் இது. கால்பந்து, கிரிக்கெட் இரண்டுக்கும் ஒரே தரை. முன்பு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பொட்டல். வேரோடு பிடுங்கிச் செம்மண் அடித்திருக்கிறார்கள். ஆனாலும் முள் இருக்கிறது, பையன்களை வெறுங்காலில் இறக்காதீர்கள்.

கோல் போஸ்ட் முறைப்படி 24 அடி அகலம், 8 அடி உயரம். உப்புக்காற்றில் கொக்கியெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், வலையை மீன்வலைக் கயிற்றால் முடிந்திருக்கிறார்கள். அது லேசில் அறாது. சோழகக் காற்று (தென்காற்று) அடிக்கும் மாதங்களில் டாஸ் ஜெயித்தால் காற்றை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; எதிர்த்து அடிக்கும் கோல் கிக் பாதியிலேயே நின்றுவிடும்.

சிக்கல் கிரிக்கெட்டில்தான். பிட்ச்சில் விரிக்கும் மேட் விரிப்பை இறுக்க அடிக்கும் ஆணிகளில் ஒன்றிரண்டைப் பிடுங்காமலே விட்டுவிடுகிறார்கள். அடுத்து கால்பந்து ஆட வருகிறவன் சறுக்கினால் முழங்கால் போச்சு!

இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே இடம் என்பது பழைய இழுபறிதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் பிராமல் லேனில் 1855-ல் கிரிக்கெட் தொடங்கியது, 1862-ல் கால்பந்து வந்தது, 1902-ல் டெஸ்ட் போட்டிகூட நடந்தது. கிரிக்கெட்டுக்காக ஒரு பக்கம் கேலரியே இல்லை. 1973-ல் கிரிக்கெட் நின்ற பிறகுதான் அங்கே கட்டினார்கள்.

பெரிய போட்டி என்றால் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்தில் கேட்டுப் பாருங்கள். இங்கே டென்னிஸ் பால் போதும். அப்புறம், குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். குழாயில் வருவது உவர்ப்பு.